ரயில் பெட்டியை 87 மடங்கு சுருக்கும்போது: கணினி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரயில் பெட்டி என்றதும் நம்மில் பலருக்குக் கண்முன் வருவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இன் பெட்டிதான். 1955-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து, அந்த வடிவத்தின் கடைசிப் பெட்டி 2018-ல் வெளியே வந்தது. உடலின் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. இதை எச்.ஓ. எனப்படும் 1:87 விகிதத்தில் மாதிரியாகச் செய்ய வேண்டுமானால், ஃப்ரீகேட், ஃபியூஷன் போன்ற மென்பொருளில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறிக்கு அனுப்பினால் போதும் என்று தோன்றும். 245 மி.மீ. நீளம், 37 மி.மீ. அகலம். கணக்கு எளிதுதான்.

தவறுகள் தொடங்குவதும் அந்த எளிமையில்தான். நீளமும் அகலமும் 87-ஆல் வகுபடும். தகட்டின் தடிமன், அச்சுப்பொறியின் நுணுக்கம், வீட்டு மேசையில் போடும் பாதையின் வளைவு, பெட்டியின் எடை ஆகியவை அப்படி வகுபடாது. எதை வகுக்கலாம், எதை வகுக்கக் கூடாது என்று முடிவு செய்யாமல் கோடு போடத் தொடங்குவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

விகிதமும் பாதை அகலமும் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம்) ஒன்று என்று நினைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. உலகில் பரவலாக உள்ள 1,435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் வரும் அளவு அது. நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ.; வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆக, கடைத் தண்டவாளத்தில் ஓடும் இந்தியப் பெட்டியின் ஒவ்வொரு சக்கரமும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 1.4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். இதைச் சரிக்கட்டப் பெட்டியின் அகலத்தையும் சேர்த்துக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பெட்டி ஒடுங்கினால் அது எந்த ஊர்ப் பெட்டி என்றே தெரியாமல் போய்விடும். உடலைச் சரியான அளவில் விட்டுவிட்டு, சக்கரம் உள்ளே தள்ளி நிற்பதை ஏற்றுக்கொள்வதே மேல். அல்லது 19.3 மி.மீ. பாதையை நீங்களே கையால் போட வேண்டும். மிகுந்த பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பார்க்க அவ்வளவு நிறைவு. மீட்டர்கேஜ் மாதிரி செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1,000 மி.மீ. பாதை 11.5 ஆகச் சுருங்குகிறது. அதற்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள்.

அடுத்தது, புகைப்படத்தின் மேல் கோடு இழுப்பது. பக்கவாட்டில் நேராக எடுத்தது போலத் தோன்றும் படத்திலும், லென்ஸுக்கு எதிரே உள்ள ஜன்னல் பெரிதாகவும் ஓரத்து ஜன்னல் சிறிதாகவும் விழுந்திருக்கும். கூரை வளைவு அதைவிட மோசமாக ஏமாற்றும். பராமரிப்புக் கையேடுகளில் உள்ள வரைபடத்திலிருந்து முக்கிய அளவுகளை எடுத்துக்கொண்டு, நுணுக்கங்களுக்கு மட்டும் படங்களைப் பாருங்கள். காலத்தையும் கலந்துவிடாதீர்கள். 1990-களின் பிற்பகுதியில் செங்காவி நிறம் நீலத்துக்கு மாறியது. வெற்றிட பிரேக் போய்க் காற்று பிரேக் வந்ததும் அதையொட்டித்தான். நீலப் பெட்டியின் அடியில் பழைய வெற்றிட பிரேக் உருளையை வரைந்தால், அறிந்தவர் கண்ணில் அது உறுத்தும். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் முழுக்க வெல்டிங் செய்யப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ரிவெட் வரிசை அழகாக இருக்கிறதே என்று அதன் பக்கச் சுவரில் ஒட்டுவது பொய் சொல்வதற்குச் சமம்.

இனி அலகு. உண்மையான அளவிலேயே வரைந்து கடைசியில் சுருக்குவது நல்ல பழக்கம்; வரைபடத்தில் உள்ள எண்ணை அப்படியே இடலாம், பிழை குறையும். ஆனால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்த விடும் இடைவெளி அந்தப் பெரிய உருவத்தில் இருக்கக் கூடாது. கூரையும் உடலும் பொருந்த மாதிரியில் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால், முழு அளவு வரைபடத்தில் அது 17.4 மி.மீ. ஆகும். அங்கே பழக்கத்தில் 0.2 என்று எழுதிவிட்டுச் சுருக்கினால் இடைவெளியே இருக்காது, இரண்டு பாகங்களும் சேர மறுக்கும். எனவே இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உண்மைப் பெட்டி மட்டும். அதைச் சுருக்கிப் பெற்ற இரண்டாவதில் திருகுத் துளை, பொருத்துமுளை, இடைவெளி, சுவர்த் தடிமன் எல்லாம். அச்சுப்பொறிக்கு உருவத்தைக் கொண்டுபோகும் எஸ்.டி.எல். கோப்புக்கு அலகு என்பதே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். அங்குலமா மில்லிமீட்டரா என்பதை மறுமுனை மென்பொருள் ஊகிக்கிறது. தவறாக ஊகித்தால் 25.4 மடங்கு பிசகும். அச்சுக்கு அனுப்பும் முன் நீளம் 245.3 என்று காட்டுகிறதா என ஒரு முறை பாருங்கள்.

சுவரின் தடிமன் தனிக் கதை. 2 மி.மீ. இரும்புத் தகட்டை 87-ஆல் வகுத்தால் 0.023 மி.மீ., தலைமயிரைவிட மெல்லியது. இழை உருக்கி அச்சிடும் இயந்திரத்தில் 0.4 மி.மீ. முனை இருந்தால் இரண்டு வரிக்கு 0.8 மி.மீ. ஆகிவிடும். திரவ ரெசினை ஒளியால் இறுக்கி அச்சிடும் இயந்திரத்திலும் இவ்வளவு நீளமான சுவருக்கு ஏறத்தாழ அதே தடிமன் வேண்டும், இல்லையேல் வளையும். ஆனால் 0.8 மி.மீ. சுவரில் ஜன்னலை நேராக வெட்டினால் கோட்டைச் சுவர்த் துவாரம் போல் தெரியும். அதுவே உண்மை அளவில் 7 சென்டிமீட்டர் அல்லவா! இதற்கு வழி, தடிமன் முழுவதையும் உட்பக்கமாகவே கூட்டி, ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பையும் உள்ளிருந்து சாய்வாகச் சீவிவிடுவது. வெளியே தெரியும் விளிம்பு 0.3 மி.மீ. மட்டுமே இருந்தால் கண் அதை மெல்லிய தகடு என்று நம்பிவிடும். ஜன்னல் கம்பிகளைச் சுவரோடு சேர்த்து அச்சிடாமல் 0.2 மி.மீ. கம்பியில் தனியாகச் செய்யுங்கள். புடைத்து நிற்கும் பட்டைகளை மட்டும் உண்மையைவிடச் சற்றுத் தூக்கலாக, 0.2 மி.மீ. வரை விடலாம், இல்லாவிட்டால் வண்ணப்பூச்சு அவற்றை விழுங்கிவிடும்.

இப்போது வளைவு. எத்தனையோ அழகான மாதிரிகள் அலமாரியை விட்டு இறங்காமல் போவது இதனால்தான். நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். எச்.ஓ. விகிதத்தில் அதுவே 2 மீட்டர் ஆகிறது. வீட்டில் அவ்வளவு இடம் யாருக்கு இருக்கிறது? பலர் போடுவது 457 மி.மீ. ஆரம். உண்மை உலகில் அது 40 மீட்டருக்குச் சமம். நீண்ட பயணிகள் பெட்டி எதுவும் அதில் திரும்பாது.

போகி என்று நம் ஊரில் பெட்டியையே சொல்லிவிடுகிறோம். இங்கே நான் சொல்வது நான்கு சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டியை. ஐ.சி.எஃப். பெட்டியில் இரண்டு அடிவண்டிகளின் மையங்களுக்கிடையே 14,783 மி.மீ. இருக்கிறது, மாதிரியில் 170 மி.மீ. 457 மி.மீ. வளைவில் ஒவ்வோர் அடிவண்டியும் பெட்டிக்கு ஏறத்தாழ 11 பாகை திரும்ப வேண்டும். உண்மைப் பெட்டிக்கு 175 மீட்டர் வளைவில் தேவைப்படுவது இரண்டரைப் பாகைக்கும் குறைவு. மாதிரியில் 11 பாகை திரும்பும்போது சக்கரம் பக்கவாட்டில் 3 மி.மீ. நகரும். வரைபடத்தில் உள்ளபடியே படிக்கட்டு, குழாய்கள், பேட்டரிப் பெட்டி எல்லாவற்றையும் அடியில் நிரப்பினால் சக்கரம் அவற்றில் முட்டித் தடம் புரளும். என் முதல் பெட்டியில் படிக்கட்டுகளை அவ்வளவு ஆசையாக வரைந்திருந்தேன். வண்ணம் பூசிய பிறகு அவற்றை அரத்தால் ராவி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். பாகங்களை மென்பொருளிலேயே ஒன்றுசேர்த்து, அடிவண்டியை இரு பக்கமும் 12 பாகை திருப்பி, எது எதில் மோதுகிறது என்று பார்த்துவிடுங்கள். மோதும் படிக்கட்டை அடிவண்டியோடு சேர்த்துத் திரும்பும்படி அமைக்கலாம், அல்லது அதன் உட்பக்கத்தைக் குடையலாம்.

பெட்டியின் உடலும் பாதையை விட்டு விலகும். அதே வளைவில் நடுப்பகுதி 8 மி.மீ. உள்ளேயும், முனைகள் 8.5 மி.மீ. வெளியேயும் போகும். அருகருகே இரண்டு பாதைகள் போட்டிருந்தால் மையத்துக்கு மையம் 54 மி.மீ.க்கு மேல் வேண்டும். இல்லையேல் எதிரெதிரே வரும் பெட்டிகள் உரசும். கொக்கியும் அடிவண்டியோடு திரும்பும்படி இருந்தால் நல்லது. உடலோடு இறுக்கிப் பொருத்தினால் அடுத்த பெட்டியையும் இழுத்துத் தள்ளிவிடும்.

சக்கரங்களை மட்டும் அச்சிட வேண்டாம். 915 மி.மீ. சக்கரம் 10.5 மி.மீ. ஆகிறது, அந்த அளவில் உலோகச் சக்கரம் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் இரு சக்கரங்களை இணைக்கும் இருசின் நீளம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே வாங்கி, காலிப்பரால் அளந்த பிறகே அடிவண்டியை வரையுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை வரைந்திருக்கிறார்கள்.

எடைக்கு இடம் விடாததும் பரவலான தவறு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ் வேண்டும். நம் பெட்டிக்கு அது ஏறத்தாழ 165 கிராம். பிளாஸ்டிக் உடல் அதில் பெரும்பங்கைத் தராது. தரைச் சட்டத்தில் ஈயமோ இரும்போ வைக்கக் குழி விடுங்கள். கூரைப் பக்கம் வைத்தால் வளைவில் கவிழும்.

கூரை, உடல், தரை, இருக்கைகள் நான்கையும் தனித்தனியாக வரையுங்கள். கண்ணாடித் தாளை உள்ளே ஒட்டவும் வண்ணம் பூசவும் வழி இருக்க வேண்டும். எஸ்.டி.எல். கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது வளைந்த பரப்பு சிறு தட்டைத் துண்டுகளாக மாறும்; அதில் வரும் விலகலை மாதிரி அளவில் 0.01 மி.மீ. என்று வையுங்கள், கூடினால் கூரை பட்டை பட்டையாகத் தெரியும். 220 மி.மீ. சதுரத் தட்டு உள்ள அச்சுப்பொறியில் 245 மி.மீ. உடல் நேராக அடங்காது, மூலைவாட்டில் அடங்கும். அப்படியும் அடங்காத சிறிய ரெசின் இயந்திரம் என்றால் உடலைக் கதவின் ஓரத்தில் பிரியுங்கள். ஜன்னல்களுக்கு நடுவே பிரித்தால் ஒட்டிய கோடு மறையவே மறையாது.

முழுப் பெட்டியை அச்சிடும் முன், ஒரே ஒரு ஜன்னலும் கூரை பொருந்தும் விளிம்பும் உள்ள 30 மி.மீ. துண்டு ஒன்றையும், ஓர் அடிவண்டியையும் அச்சிட்டுப் பாருங்கள். துண்டுக்கு வண்ணம் பூசி, கூரைத் துண்டை நான்கைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள். அடிவண்டியில் வாங்கிய சக்கரங்களைப் பொருத்தி, சற்றே சாய்ந்த தண்டவாளத்தில் விடுங்கள். தள்ளாமலே உருண்டு இறங்கினால் மீதி 215 மி.மீ.க்கு ரெசினை ஊற்றலாம்.