கத்திரி வெயிலில் முயல் கூண்டு
மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில், மாமரத்தடியில்தான் முயல் கூண்டு. தகரக் கூரை வேண்டவே வேண்டாம், கீற்று போடுங்கள். மதியத்துக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், அந்தப் பக்கமும் ஒரு தட்டி கட்டிவிடுங்கள்.

முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது, உடம்புச் சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் இறங்கும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் மட்டும் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளே புழுக்கம்தான், நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். அதைவிட நல்லது, பாட்டில் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, பழைய வேட்டித் துணி சுற்றி உள்ளே வைப்பது. எங்கள் வெள்ளைப் பெட்டை அதில் விலாவை ஒட்டிக்கொண்டு, பின்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்துவிடும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

குடிக்கத் தண்ணீர் கனமான மண்சட்டியில். தீனிக்கு வேலிமசால் தழை, அருகம்புல் எல்லாம் விடியற்காலையும் பொழுது சாய்ந்தும். அப்புறம், மூத்திர ஈரம் தேங்கவிடாதீர்கள், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் வடிந்தால் உடனே நிழலுக்குத் தூக்கி, காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். பாவம் என்று குளிர்ந்த தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.