கிளிமீன் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

மீன் கடையில் கிளிமீன் கிடைத்தால் அதன் வாயைத் திறந்து பாருங்கள். தனித்தனிப் பல் தெரியாது. எல்லாம் ஒட்டி வளர்ந்து, கிளியின் அலகு மாதிரியே சிப்பி ஓட்டுக் கெட்டியில் இருக்கும். அந்த அலகைப் பார்த்ததும் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள்: மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை இதுதான் தின்று அழிக்கிறது என்று. இருப்பதிலேயே பெரிய தவறு இது.

கிளிமீன் பெரும்பாலும் மேய்வது செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியையும் நுண்ணுயிர்களையும்தான். 2016-இல் கடல்நீர் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்துச் செத்தன. அப்படிச் செத்த பாறையைப் பாசி மூடிவிட்டால், நீரில் மிதந்துவரும் பவளக் குஞ்சுகளுக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. அந்த இடத்தைச் சுரண்டிக் கொடுப்பது இந்த மீன்தான். பாசியோடு உள்ளே போகும் சுண்ணாம்புக்கல்லைத் தொண்டையில் இருக்கும் இன்னொரு பல் வரிசை மாவாக அரைக்கிறது. அது வெள்ளை மணலாக வெளியே வருகிறது. இப்படி உழைக்கும் மீன்மேல் பழி போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்தது நிறக் குழப்பம். மஞ்சள் உடம்பில் நீலப் பட்டையோடு ஒன்று, பச்சையும் நீலமுமாக இன்னொன்று. இரண்டையும் வேறு வேறு மீன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னது பெண், பின்னது ஆண். பெண்ணாக வளர்ந்த மீனே பிறகு ஆணாக மாறுவதும் உண்டு. அதனால் பெரிய பச்சை மீன்களாகவே பார்த்துப் பிடித்தால், ஆண்கள்தான் முதலில் தீரும்.

இரவில் டார்ச் அடித்துக் குத்திப் பிடிப்பதும் வேண்டாம். பாறை இடுக்கில் அசையாமல் உறங்கும் மீன் அது. சில வகைகள் வழவழப்பான ஓர் உறையைத் தம்மைச் சுற்றிச் சுரந்துகொண்டு தூங்கும். தப்பிக்க வழியே இல்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். கேரளத்தில் கிளிமீன் கேட்டால் நம்மூர்ச் சங்கரா மாதிரி இளஞ்சிவப்பு மீன்தான் கைக்கு வரும்.

கடைசியாக, நங்கூரத்தைப் பவளப்பாறை மேல் போடாதீர்கள், மணல் பார்த்து இறக்குங்கள். 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளின் பக்கம் அனுமதியில்லாமல் போகாதீர்கள். செத்த பவளம்தானே என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்தத் துண்டை உற்றுப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரியலாம். கிளிமீன் மேய்ந்துவிட்டுப் போன தடம் அது. நாளைக்கும் அங்கேதான் மேய வரும்.