நரம்பணு இறந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் நாள் எனக்கு எப்போதும் பதற்றம்தான். செல்களை உடல் சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால் நரம்பணுக்கள் சுருங்கிக் கிடக்கும். நரம்பணுவிலிருந்து நீளும் ஆக்ஸான் இழைகள் மணி கோத்தது போலத் துண்டு துண்டாகத் தெரியும். பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் உடனே சொல்வது, "செல் சரியில்லை அக்கா." சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் இத்தனை வருடம் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் குறை செல்லில் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் துளித் திரவத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் நரம்பணுக்களை வளர்க்கும் சாதனம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: தபால்தலை அளவுள்ள ஒளிபுகும் சிலிக்கோன் ரப்பர் துண்டு, அடியில் கண்ணாடி. உள்ளே இரண்டு அறைகள். நடுவில் ஏறக்குறைய 10 மைக்ரான் அகலமும் 3 மைக்ரான் உயரமும் உள்ள நுண்பள்ளங்கள். செல்லின் உடல் அதற்குள் நுழையாது, ஆக்ஸான் மட்டும் நுழைந்து மறுபக்கம் போகும். 1977-இல் ராபர்ட் காம்பெனாட் டெஃப்லான் தடுப்பு வைத்து இப்படி அறை பிரித்தார். 2005-இல் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் அதை ரப்பரில் செய்து காட்டினார்கள். பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா-சைனூக்ளின் புரதமும் அல்சைமரில் டௌ புரதமும் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குப் பரவுவதைப் பார்க்க இந்த அறைப் பிரிவு மிகவும் உதவும்.

முதல் தவறு, ஆவியாதலை அலட்சியப்படுத்துவது. அறைக்குத் திரவம் ஊற்றும் ஒரு குழியில் 200 மைக்ரோலிட்டர் மீடியம், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவம், இருக்கிறது, அதில் 20 போய்விட்டது என்று வையுங்கள். உப்பும் மற்றதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்ந்துவிடும். 2 மில்லிலிட்டர் உள்ள சாதாரணத் தட்டில் அதே 20 போனால் ஒரு சதவீதம்தான், செல்லுக்குத் தெரியவே தெரியாது. "சிங்கப்பூரில் இவ்வளவு புழுக்கம், எங்கே ஆவியாகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. புழுக்கம் வெளியேதான். குளிர்சாதன அறை வறண்டது, கிருமி படாமல் செல்லைக் கையாளும் பாதுகாப்புப் பெட்டியின் காற்றோட்டமோ இன்னும் மோசம். அங்கே மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஃபோன் பேசப் போகாதீர்கள். சாதனத்தைப் பெரிய பெட்ரித் தட்டில் வைத்து, பக்கத்திலேயே கிருமி நீக்கிய தண்ணீர் ஊற்றிய சின்ன மூடி ஒன்றை வையுங்கள். நீண்ட விடுமுறைக்கு முன் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை நிரப்புவது யார் பொறுப்பு என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஆய்வு முடிவையே பொய்யாக்கிவிடும் தவறு. இரண்டு பக்கத்துத் திரவ மட்டத்தையும் கவனிக்காமல் விடுவது. போன வருடம் ஒரு தம்பியிடம் செல் இல்லாத வெற்றுச் சாதனத்தைக் கொடுத்து, இடது அறையில் சிவப்பு உணவுச் சாயம் கலந்த தண்ணீரும் வலது அறையில் வெறும் தண்ணீரும் ஊற்றச் சொன்னேன். இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டார். மறுநாள் காலை, "அக்கா, அந்தப் பக்கமும் சிவந்துடுச்சு" என்று வந்து நின்றார். அந்தச் சாயத்தின் இடத்தில் ஆல்ஃபா-சைனூக்ளின் இருந்திருந்தால், "புரதம் ஆக்ஸான் வழியே பரவியது" என்று எழுதியிருப்போம். உண்மையில் அது பள்ளத்தின் வழியே ஒழுகியிருக்கும்.

அதனால் சோதிக்கும் மருந்தையோ புரதத்தையோ ஊற்றும் பக்கத்தில் திரவம் குறைவாக, மறுபக்கத்தில் சுமார் 50 மைக்ரோலிட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது ஓட்டம் எதிர்த்திசையில் இருக்கும், மருந்தோ புரதமோ கசியாது. இந்த வித்தியாசம் நாளாக ஆகக் குறையும், ஆகவே திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். செல் இல்லாத சாதனம் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அது இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

மீடியம் மாற்றும்போது குழியிலிருந்து மட்டும் உறிஞ்சுங்கள். திரவம் உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியை அறையின் வாய்க்குள் வைத்து இழுத்தால் இரண்டு வாரம் வளர்த்த இழைகள் ஒரு நொடியில் போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியத்தை அப்படியே ஊற்றவும் வேண்டாம். அது சூடாகும்போது கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியேறி வழியை அடைக்கும். கண்ணாடியோடு ஒட்டுவதற்காகப் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கொடுத்த ரப்பர் தண்ணீரை ஏற்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான், ஒட்டியவுடன் திரவத்தை நிரப்பிவிடுங்கள். அப்புறம், செல் ஒட்டிக்கொள்ளப் பூசும் பாலிலைசின் பூச்சை நன்றாகக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் அதுவே விஷம்.

மருந்து சோதிப்பவர்கள் ரப்பரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கொழுப்பில் எளிதில் கரையும் சிறிய மூலக்கூறுகளை அது பஞ்சு போல உள்ளே இழுத்துக்கொள்ளும். புட்டியில் நீங்கள் எழுதிய செறிவு வேறு, செல்லுக்குக் கிடைத்தது வேறு. "மருந்து வேலை செய்யவில்லை" என்று கைவிடும் முன், குழியிலிருந்து கொஞ்சம் எடுத்து அளந்து பாருங்கள். முடியாவிட்டால் பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ செய்த சாதனத்துக்கு மாறுங்கள்.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரே நோயாளியின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ உருவாக்கிய குருத்தணுக்களை ஒரே தடவை நரம்பணுவாக்கி எட்டுச் சாதனத்தில் போட்டுவிட்டு, எட்டு மாதிரி என்று எழுதுகிறார்கள். அது ஒரு மாதிரிதான். பார்க்கின்சன் நோய்க்கான எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஜி2385ஆர் என்ற மாற்றம் சீனர்களிடம் காணப்படுகிறது, ஐரோப்பியர்களிடம் மிக அரிது. யாருடைய செல் என்பதும் எத்தனை பேருடையது என்பதும் இங்கே உங்கள் முடிவையே மாற்றும். குறிப்பேட்டில் கொடையாளர் எண், நரம்பணுவாக்கிய தேதி, சாதன எண் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.