இருண்ட கதையை மேசைக்குக் கொண்டுவரும் டி.எம்.கள் செய்யும் தவறுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தைப் புதிதாக நடத்தத் தொடங்கியிருக்கும் மூன்று பேரின் மேசைகளில் அண்மையில் விருந்தாளியாக அமர்ந்து ஆடினேன். மூவருமே உழைப்பாளிகள், மூவருமே கதையில் இருள் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, நான் பெருமைப்பட்டுக்கொண்ட அதே இடங்களில், அச்சுப் பிசகாமல் அவர்களும் செய்தார்கள். விதிகளை மறப்பது, வரைபடத்தைத் தொலைப்பது, சண்டையை மூன்று மணி நேரம் இழுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் அவை ஆட ஆடத் தாமாகவே சரியாகிவிடும். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவரைக் குறிக்கும் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) என்ற சொல்லையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன், நடத்துநர் என்று எழுதினால் எனக்கு விசில் சத்தம் கேட்கிறது.

கற்பனை உலகில் ஆடும் பாத்திர ஆட்டத்தில் மனத்தை உலுக்கும் விஷயங்கள் வரலாமா என்று கேட்டால், வரலாம் என்பதே என் பதில். 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட நாளிலிருந்தே இது இருட்டுக் குகைக்குள் போய் உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டம்தான். 1981 இல் வந்த கால் ஆஃப் துலு என்ற திகில் ஆட்டம், பாத்திரத்தின் மனநிலை சிதைவதையே எண்ணிக் கணக்கு வைக்கும் விதியோடு வந்தது. 1983 இல் ரேவன்லாஃப்ட் என்ற சாகசத்தின் (டி.எம். நடத்துவதற்கென்று எழுதி வெளியிடப்படும் கதையைச் சாகசம் என்பார்கள்) மூலம், காதல் என்ற பெயரில் ஒரு நாட்டையே சிறைப்படுத்திய இரத்தக்காட்டேரி மேசைக்கு வந்துவிட்டான். ஆகவே வரலாமா என்று இப்போது வாதிடுவதில் பயனில்லை. எப்படி வர வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது

1980களில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுத்துச் செல்கிறது என்ற பெரும் பீதி கிளம்பியது. 1989 இல் வெளியான இரண்டாம் பதிப்பு டெமன், டெவில் என்ற இரு சொற்களையும் கைவிட்டது, கொலையாளி என்ற பாத்திர வகையையும் எடுத்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில் அதே பேய்கள் டனாரி, பாட்டேஸு என்ற புதுப் பெயர்களுடன் திரும்பி வந்தன. ஆடியவர் ஒருவரும் ஏமாறவில்லை. இந்தப் பாடம் கீழே ஓரிடத்தில் மறுபடியும் தேவைப்படும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அதிர்ச்சி கெட்டுவிடும் என்று எதையும் சொல்லாமல் மறைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஒரு தவறுதான். எரிச்சலில் பாதி என் மேலேயே இருப்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். 2016 இல் வெளியான கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் சாகசத்தை இனிமேல்தான் ஆடப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

அந்தச் சாகசத்தில் ஒரு கிழவி கைவண்டியுடன் வீடு வீடாகப் போய்ப் பணியாரம் விற்பாள். அதைத் தின்றவர்கள் துயரம் மறந்து இனிய கனவில் மிதப்பார்கள், பிறகு அது இல்லாமல் அவர்களால் இருக்க முடியாது. காசில்லாதவர்கள் விலையாகத் தம் பிள்ளைகளையே அவளிடம் கொடுத்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே ஒரு பழைய காற்றாலையில் அவளும் அவள் மகள்களும் அந்தப் பிள்ளைகளின் எலும்பை அரைத்து மாவில் கலக்கிறார்கள். ஆலையின் மேல்தளத்தில் இரண்டு குழந்தைகள் அடைபட்டிருக்கும். படித்தபோது எனக்கே கை சில்லிட்டது. இதை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் என் நண்பர்கள் ஐந்து பேரின் முன்னே திறந்து காட்ட வேண்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

எங்கள் மேசையில் விதிகளும் சண்டையும் ஆங்கிலத்தில் போகும், கேலியும் சச்சரவும் தமிழில் போகும். அன்று ஆலைக் கதவைத் திறந்ததும் நான் வேண்டுமென்றே தமிழுக்கு மாறினேன். எந்திரக்கல்லின் சத்தம், தரையெல்லாம் படிந்திருந்த வெள்ளை மாவு, சுவரோரம் இருந்த மூட்டை, மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த ஒற்றைச் செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தச் செருப்பு ஓர் உள்ளங்கை நீளம்தான் இருக்கும் என்று முடித்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் எங்கோ ஐரோப்பியக் காட்டில் நடக்கும் கொடுமை, தமிழில் சொன்னவுடன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த வலிமையை நான் அறிந்திருந்தேன், அளவைத்தான் அறியவில்லை.

ஐவரில் ஒருவனுடைய நான்கு வயது மகள் அதற்கு முந்தைய மாதம்தான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தாள். இது எனக்குத் தெரியும், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவன், "ஒரு நிமிஷம்டா," என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனான். நான் மற்றவர்களைப் பார்த்து, "பார்த்தீங்களா, ஹாரர்னா இதுதான்," என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அவன் திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் பகடையை உருட்டி, கிழவியைக் கொன்று முடித்தான். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றான், அதற்கடுத்த வாரமும் வேலை இருந்தது. மூன்றாவது வாரம் அந்த ஆட்டமே நின்றுபோனது.

பல மாதங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனே பேச்சை எடுத்தான். "மில்லு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வராம இருந்திருப்பேன்னா நினைக்கிற? வந்திருப்பேன்டா. மனசைத் தயார் பண்ணிக்கிட்டு வந்திருப்பேன்," என்றான். அதற்கு முன்பு நான் படித்த அறிவுரைகள் எதுவும் எனக்குச் சொல்லித்தராததை இந்தப் பேச்சு சொல்லித்தந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதை டி.எம். எவ்வளவு வேண்டுமானாலும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். எந்த மாதிரியான விஷயம் வரும் என்பதை ரகசியமாக வைக்க அவருக்கு உரிமை இல்லை.

சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று புதியவர்கள் மூவருமே என்னிடம் வாதிட்டார்கள். கூத்துக்களத்தில் இன்றிரவு துகில் உரியப்படும் என்பது பாய் விரித்து உட்காரும்போதே ஊருக்குத் தெரியும், அதற்காக யாரும் அழாமல் எழுந்து போனதில்லை. முன்னறிவிப்பு எடுத்துவிடுவது திடுக்கிடலை மட்டும்தான். திடுக்கிடல் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும், அச்சம் அப்படியல்ல, காற்றாலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு தொலைவில் அதன் இறக்கை சுழல்வதைப் பார்ப்பதில்தான் அது இருக்கிறது.

இப்போது நான் முதல் ஆட்டத்துக்கு முன்பே, செஷன் ஸீரோ என்று எல்லோரும் சொல்லும் அந்த ஆயத்தக் கூட்டத்துக்கும் முன்பே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு செய்தி அனுப்புகிறேன். இதே சாகசத்துக்கு நான் அனுப்பும் செய்தி இது: "இந்தக் கதையில் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்கிறது. போதை போன்ற ஓர் அடிமைத்தனம் வருகிறது. ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தன் உடைமை என்று எண்ணித் துரத்துவதுதான் மையக் கரு. இவற்றில் வரவே கூடாதது எது, வந்தாலும் விவரிக்கக் கூடாதது எது என்று எனக்கு மட்டும் பதில் போடுங்கள். காரணம் சொல்ல வேண்டாம்." வரவே கூடாததைக் கோடு என்றும், நடந்தாலும் மேசையில் காட்டாமல் கடந்துவிட வேண்டியதைத் திரை என்றும் பிரித்துப் பார்க்கும் முறையை ரான் எட்வர்ட்ஸ் 2003 இல் எழுதிய ஆட்ட நூலொன்றில் வகுத்துக் கொடுத்தார். பின்னாளில் வந்த கருவிகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

தனித்தனியாகக் கேட்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். ஐந்து நண்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் உனக்கு எதுவும் பிரச்சினையா என்று கேட்டால், முதலாமவன் எனக்கு எல்லாம் ஓகே என்பான், அதன்பிறகு மற்ற நால்வருக்கும் எல்லாம் ஓகேதான். அதே நால்வர் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் எழுதும் பதில் வேறாக இருக்கும்.

கல்யாண வீட்டில் பேசிய நண்பன் இரண்டாவது முறை அதே சாகசத்துக்கு வந்தான். காற்றாலைக்குத் திரை கேட்டான். எந்திரக்கல்லின் சத்தத்தை மட்டும் சொன்னேன், மூட்டையையும் செருப்பையும் சொல்லவில்லை, உள்ளே நடந்த சண்டையை நான்கு பகடைகளில் முடித்தேன். மேல்தளத்திலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருவதை மட்டும் அவன் தானே விவரிக்க வேண்டும் என்று கேட்டு, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டான். முதல் முறை நான் மூன்று வாரம் திட்டமிட்டுச் செய்ததைவிட அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்டையை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது

ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையைப் புதியவர்கள் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டை இருக்கும், யார் அதைத் தொட்டாலும் அந்த விஷயத்தை விட்டுவிட்டு விளக்கம் கேட்காமல் நகர வேண்டும். நல்ல கருவிதான். ஆனால் டி.எம். கல்லூரியில் மூன்றாண்டு மூத்தவராக இருந்து, மேசையில் உள்ளவர்கள் எல்லோரும் அவரை அண்ணா என்று அழைக்கும் இடத்தில், அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போது கையை நீட்டி அட்டையைத் தொட யாருக்குத் துணிவு வரும்? நான் ஆடிய ஒரு மேசையில் அந்த அட்டையின் மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்கள்.

இதற்கு நான் கண்ட வழி எளியது. முதல் ஆட்டத்தில், என் கதையில் நானே சொன்ன ஒரு சிலந்தியை விவரிக்கும்போது, நானே அட்டையைத் தொட்டு, "இது வேண்டாம், வேறு சொல்கிறேன்," என்று மாற்றிவிடுவேன். தொட்டால் ஆட்டம் அரை நிமிடத்தில் தொடர்ந்துவிடுகிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த முறை தாமே தொடுவார்கள்.

பாலியல் வன்முறையைக் கதைத் திருப்பமாக வைப்பது

வேண்டாம்.

நம் ஊர்க் கொடுமைக்குக் கற்பனைப் பெயர் சூட்டி அலங்காரமாக வைப்பது

தீமையை ஓர் இனத்தின் பிறவிக் குணமாகக் காட்டும் பழக்கம் இந்த ஆட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஓர்க் என்றால் வெட்டலாம், டிரௌ என்றால் நம்பக் கூடாது என்று பல ஆண்டுகள் ஆடினோம். 2020 இல் வெளியீட்டு நிறுவனமான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இந்தச் சித்திரிப்புகளை மாற்றுவதாக வெளிப்படையாக அறிவித்தது. மேலே சொன்ன ஸ்ட்ராட் சாகசத்தில் ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய பழைய இழிசித்திரங்களை ஒட்டி வரையப்பட்டிருந்த விஸ்தானி என்ற நாடோடிக் கூட்டத்தைப் பற்றிய பகுதிகளும் அதே ஆண்டு வந்த மறுபதிப்பில் திருத்தப்பட்டன.

அவர்கள் திருத்திக்கொண்டார்கள், நாம் புதிதாகத் தொடங்குகிறோம். நான் விருந்தாளியாகப் போன மேசை ஒன்றில், டி.எம். சொந்தமாகக் கட்டிய உலகில் ஒரு கிராமம் இருந்தது. கிராமத்துக்கு வெளியே ஒரு கூட்டம் வாழ்கிறது, அவர்கள்தான் பிணங்களை அப்புறப்படுத்துகிறார்கள், அவர்களுக்குத் தனிக் கிணறு என்று சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்துக்கு ஓர் எல்ஃப் மொழிப் பெயர் வைத்திருந்தார். மேசையில் இருந்த ஐந்து பேருக்கும் அது எந்தக் கிணறு என்று தெரியும். ஒருவர் மட்டும் அதற்குப் பிறகு தம் பாத்திரத்தின் முறை வரும்போது, "தாக்குகிறேன்," "நகர்கிறேன்," என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. டி.எம். அதைக் கவனிக்கவே இல்லை.

சாதிக் கொடுமை ஆட்டத்தில் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை, வந்தால் நன்றாகவே வரலாம். ஆனால் அந்தக் கிணறு அங்கே மழையைப் போல, மலையைப் போலப் பின்னணியாக நின்றது. அதை எதிர்த்து எதையும் செய்ய ஆட்டக்காரர்களுக்கு வழி இல்லை, செய்யலாம் என்ற எண்ணமே டி.எம்.முக்கு இல்லை. டிராகனைக் கண்டால் வாளை உருவலாம். கிணற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போக வேண்டும் என்றால், வாழ்க்கையிலேயே அப்படிக் கடந்து போகப் பணிக்கப்பட்ட ஒருவர் சனிக்கிழமை மாலையை ஒதுக்கி அதை மறுபடி ஆட எதற்கு வர வேண்டும்? ஒரு கொடுமையைக் கதைக்குள் கொண்டுவருகிறவர், அதன் மேல் கைவைக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிடியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். கிணற்றுக் காவலுக்கு ஒரு பெயர், அவனுக்குக் கூலி கொடுப்பவனுக்கு ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு பின்கதவு என்று மூன்று குறிப்புகள் எழுதி வைத்திருந்தாலே அந்த மாலை வேறாகியிருக்கும்.

இரத்தத்தை லிட்டர் கணக்கில் ஊற்றுவது

ஒற்றைச் செருப்பு போதும்.

ஆட்டக்காரரின் முன்கதையில் உள்ள அம்மாவைக் கொல்வது

எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் எல்லோருடைய பாத்திரமும் இப்போது அனாதையாகவே பிறக்கிறது. எழுதிக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால், அவரே உங்களைவிடக் கொடூரமான யோசனை சொல்வார்.

முடிந்தவுடன் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவது

கனமான காட்சி ஒன்றை ஆடி முடித்தவர்கள் அதே கனத்தோடு இரவு பேருந்தில் தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது. எங்கள் மேசையில் ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் டீ குடிப்பது வழக்கம். யார் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், கிரிக்கெட்டும் பேசலாம். அந்தப் பத்து நிமிடத்தில் டி.எம். மட்டும் தம் கதையை விளக்கிப் பேசக் கூடாது.