மலைப்பாதையில் சைக்கிளோடு விழுந்தால் என்ன செய்வது?

விழுந்ததும் துள்ளி எழுந்து "ஒன்னும் இல்லப்பா" என்று சொல்லத்தான் தோன்றும். வேண்டாம். பதற்றத்தில் வலி உடனே தெரியாது, அதனால் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து கை கால் விரல்களை அசைத்துப் பாருங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தாலோ, எங்காவது மரத்துப்போயிருந்தாலோ, அசையாமல் இருந்து மீட்புக்கு ஆள் அழையுங்கள். கூட வந்தவர்களில் ஒருவர் பாதையில் மேலே போய் நின்று பின்னால் வருகிறவர்களை நிறுத்தட்டும், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், 10 நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். சிராய்ப்புக்கு நல்ல தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவினால் இப்போதைக்குப் போதும்.

தோள் தரையில் மோதினால் பெரும்பாலும் அடி வாங்குவது கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் காறை எலும்புதான். கையை மார்போடு சேர்த்து ஒரு சட்டையாலோ ஸ்பேர் டியூபாலோ தொட்டில் மாதிரி கட்டிவிட்டு நடந்தே இறங்குங்கள்.

தலையில் அடி என்றால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது, எவ்வளவு தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் சரி. அடுத்த 24 மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்று எது வந்தாலும் நேராக மருத்துவமனைதான். அப்புறம் அந்த ஹெல்மெட், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.