ட்ரெஸ் லெச்சேஸ் கேக்: பால் ஊற்றும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

மூன்று வகைப் பாலில் ஊறவைக்கும் ட்ரெஸ் லெச்சேஸ் கேக்கை முதன்முறை நான் செய்தபோது, பாலில் பாதியை ஃப்ரிட்ஜின் காய்கறி டிரே குடித்துவிட்டது. அடிப்பாகம் தனியாகக் கழலும் டின்னில் கேக்கைச் சுட்டு, அதிலேயே பாலையும் ஊற்றி, ராத்திரி உள்ளே வைத்திருந்தேன். காலையில் கத்தரிக்காய் எல்லாம் கன்டென்ஸ்டு மில்க்கில் ஊறிக்கொண்டிருந்தது.

சரி, அது சுலபமாகத் திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. ஒழுகாத கண்ணாடி டிரே ஒன்று போதும். மற்ற தவறுகள்தான் கண்ணில் படுவதில்லை. கேக் களியாகிப்போனால் எல்லோரும் பாலைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை கேக்கில்தான்.

ஸ்பானிஷில் இந்தப் பெயருக்கு ‘மூன்று பால்’ என்று பொருள்: கன்டென்ஸ்டு மில்க், எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்ட வைத்த பால்), கிரீம். மெக்சிகோ, நிகரகுவா இரண்டுமே இது எங்கள் பண்டம் என்கின்றன. நம் ஊரில் குங்குமப்பூவும் ஏலக்காயும் சேர்ந்து ரசமலாய் கேக் ஆகிவிட்டது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

நன்றாக வரும் என்று தெரிந்த பட்டர் கேக்கையே சுட்டு அதன் தலையில் பாலை ஊற்றுவதுதான் பெரிய தவறு. உள்ளே இருக்கும் வெண்ணெய் பாலைச் சரியாக இறங்க விடாது. போதாக்குறைக்கு, ஃப்ரிட்ஜில் வைத்ததும் வெண்ணெய் இறுகி கேக் கட்டையாகிவிடும். இதற்கு வேண்டியது வெண்ணெயே சேராத முட்டை ஸ்பாஞ்ச். 9க்கு 13 அங்குல டிரேக்கு 5 முட்டை, 200 கிராம் சர்க்கரை, 125 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 80 மில்லி பால். மைதாவை எடை போட்டு எடுங்கள். வீட்டுக்கு வீடு கப் அளவு மாறும். இந்த ஸ்பாஞ்சை அப்படியே தின்றால் தொண்டையில் விக்கும். விக்கட்டும். அப்படிப்பட்ட கேக்தான் பால் குடிக்கும்.

முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிரித்துவிடுங்கள். குளிர்ச்சியாக இருந்தால் மஞ்சள் கரு உடையாது. வெள்ளைக் கருவை அடிப்பது மட்டும் அரை மணி நேரம் கழித்து. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, துளி மஞ்சள் கருவோ இருந்தால் நுரை எழும்பாது. அதற்காக பீட்டரை நிறுத்தாமல் ஓட்டவும் கூடாது. பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் திட்டுத்திட்டாக வந்துவிட்டால், அது மைதாவோடு சேர மறுக்கும். சேர்க்கிறேன் என்று நாம் கிளறக் கிளற, அடித்து ஏற்றிய காற்றெல்லாம் போய்விடும். டிரேயின் பக்கச்சுவர்களில் வெண்ணெய் தடவ வேண்டாம். மாவு பிடித்து ஏறப் பிடிமானம் வேண்டுமே.

180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். இங்கே ஒரு சோம்பேறித்தனம் வரும்: நடுவில் குச்சி ஈரமாக வந்தாலும், ‘எப்படியும் பால் ஊற்றத்தானே போகிறோம்’ என்று இறக்கிவிடுவது. வேகாத இடம் பாலை உறிஞ்சாது, களியாகத்தான் நிற்கும். முட்டைக் கவுச்சி வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் முதலில் இந்த இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்த வாடை மறையாது.

எவாப்பரேட்டட் மில்க் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 900 மில்லி கொழுப்பு நீக்காத பாலை 350 மில்லியாகச் சுண்டக் காய்ச்சினால் காரியம் முடிந்தது. வடிகட்ட மறக்காதீர்கள், ஆடை போய் கேக்கில் குத்திய துளைகளை அடைத்துக்கொள்ளும். அது ஆறியதும் 400 கிராம் கன்டென்ஸ்டு மில்க், 120 மில்லி கிரீம் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். அரைகுறையாகக் கலந்தால் பால் மட்டும் இறங்கி, கெட்டியானது மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். தனியாகச் சர்க்கரை வேண்டவே வேண்டாம். கன்டென்ஸ்டு மில்க்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரைதான் இருக்கிறது.

கேக் முழுக்க ஆறிய பிறகு, முள்கரண்டியால் அடிவரை குத்துங்கள். பாலை மொத்தமாகக் கவிழ்க்காமல் மூன்று நான்கு தவணையாக, ஓரங்களில் தொடங்கி ஊற்றுங்கள். ஓரம்தான் அதிகம் காய்ந்திருக்கும். முதலில் பால் குளம்போல் தேங்கி நிற்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அரை மணி நேரத்தில் காணாமல் போகும். கால் பங்கு பாலை ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்து, பரிமாறும்போது ஊற்றுவது என் வழக்கம். முட்டை சேர்க்காத கேக் என்றால் பாலையே மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வேன். அது சீக்கிரம் குழைந்துவிடும்.

அப்புறம் பொறுமை. குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி. மூடி வையுங்கள், மூடாத பால் கேக் விடிவதற்குள் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஊறட்டும் என்று மேடை மேல் விட்டுவிடுவதும் ஆகாது. நம் வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாண்டினாலே பாலை நம்ப முடியாது.

மேலே போட கிரீம் அடிக்கும்போது பாக்கெட்டில் கொழுப்பு அளவைப் பாருங்கள். சமையலுக்கு விற்கும் 25 சதவீதக் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும், குளிர்ந்தும் இருக்க வேண்டும். அலங்காரத்துக்கு மாம்பழம் நல்லது. சமைக்காத அன்னாசி மட்டும் வேண்டாம். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை உடைத்து, ஒரு ராத்திரியில் கசப்பாக்கிவிடும். அன்னாசிதான் வேண்டுமென்றால் டின்னில் வருவதை வாங்குங்கள், இல்லையென்றால் சர்க்கரையில் ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் போடுங்கள்.