யோலோ பைபாஸில் முதல் தடவை: முதலில் தூண்டில், அப்புறம் வாத்து வேட்டை

கலிஃபோர்னியாவில் டேவிஸுக்கும் சாக்ரமெண்டோவுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலை நீளமான ஒரு பாலத்தில் போகும். அதை ஒட்டித் தெற்கே விரிந்து கிடக்கும் சதுப்பு நிலம்தான் யோலோ பைபாஸ் வனவிலங்குப் பகுதி. மாநில அரசுக்குச் சொந்தமானது, 1997-இல் பொதுமக்களுக்கென்று அர்ப்பணித்தார்கள். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கி வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

1. தூண்டிலில் ஆரம்பியுங்கள். 16 வயது ஆகிவிட்டால் மீன்பிடி லைசென்ஸ் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். வருடத்தில் இரண்டு நாள் லைசென்ஸ் இல்லாமலே பிடிக்கலாம், ஒன்று ஜூலை 4-ஐ ஒட்டி வரும். மண்புழுவோ கோழி ஈரலோ மாட்டி அடியில் கிடக்கவிட்டால் கேட்ஃபிஷ் கடிக்கும். நம்மூர்க் கெளுத்தி மாதிரியே இதற்கும் முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள், அதனால் வயிற்றுப் பக்கமாக உள்ளங்கையைக் கொடுத்து, பக்க முட்களுக்குப் பின்னால் விரல்கள் வருகிற மாதிரி பிடியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் மீனில் இருக்கக்கூடிய பாதரசம் பற்றிய மாநில அறிவுரையைப் படியுங்கள், குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் கட்டாயம்.

2. பிறகு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வேட்டை லைசென்ஸ். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்: அவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. வக்கீலிடம் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

3. லைசென்ஸோடு முடியாது. 25 டாலர் ஃபெடரல் டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கான மத்திய அரசு முத்திரை), மாநில வாத்து அனுமதி, ஹெச்ஐபி பதிவு (வலசைப் பறவை வேட்டைக் கணக்கெடுப்புக்கான பதிவு), உள்ளே போக ஒரு பாஸ், எல்லாம் சேர வேண்டும்.

4. பறவையைப் பார்த்துப் பழகுங்கள், இதற்குத்தான் நிறைய நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு வாத்து வரை சுடலாம், ஆனால் அதில் மல்லார்ட் என்ற வகை வாத்தில் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. ஆணுக்குப் பச்சைத் தலை, சுலபம். பெட்டை முழுக்கப் பழுப்பு. இறக்கையில் நீலப் பட்டை, அதன் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. பறக்கும்போது அதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவரை சுடாதீர்கள்.

5. சீசன் சுமாராக அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை. சனி, ஞாயிறு, புதன் மட்டும், முன்பதிவுக் குலுக்கல் உண்டு. ஈயக் குண்டு கூடவே கூடாது. களத்துக்குள் 25 தோட்டாவுக்கு மேல் எடுத்துப்போக விடமாட்டார்கள், துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் ஏறக்கூடாது.

கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சாக்ரமெண்டோ ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிடும் வழி இது, தண்ணீர் ஏறினால் மூடிவிடுவார்கள். சுட்ட வாத்தை அங்கேயே முழுசாகச் சுத்தம் செய்யாமல், இறகோடு ஒரு இறக்கையையாவது தலையையாவது வீடு சேரும் வரை விட்டுவைக்க வேண்டும், வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன வாத்து என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்.